கிணற்றடியில் முதுகு காட்டி நிற்பவள்

ஒட்டிய தாளில் எல்லாம் இடம் வலமாகப் புரண்டிருந்தது. அவள் மட்டும் புரளவில்லை.

பிரியாந்தா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். பழைய புத்தகத்திலிருந்து எடுத்த படத்தைக் குப்புறக் கவிழ்த்துப் பேரிமரக் கட்டையில் ஒட்ட வேண்டும். முதுகுப் பக்கத்தில் ஆளி எண்ணெய் தடவி விரலால் தேய்த்தால் தாள் மெலிந்து உள்ளே இருக்கும் கோடுகள் தெரியும். தெரிகிற கோட்டை விட்டுவிட்டு மீதி மரத்தைச் செதுக்கி எடுத்துவிட்டால் புது அச்சுக்கட்டை ரெடி. குப்புற ஒட்டுவதால் இடது வலதாகும், வலது இடதாகும். பதினோரு வருஷமாகப் புருஷனுக்கு உதவியாக இதைச் செய்கிறவளுக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமல்ல. மரம் புரண்டிருந்தது. மதில் புரண்டிருந்தது. கிணற்றுச் சக்கரமும் வாளியும் ஒழுங்காகப் புரண்டிருந்தன. கிணற்றடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற வேலைக்காரி மட்டும், தாளில் எப்படி வலது காதைக் காட்டினாளோ அப்படியே கட்டையிலும் வலது காதைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மேஜையில் இன்னும் இரண்டு தாள்கள் கிடந்தன. மூன்றுமே ஒரே நாடகத்தின் ஒரே காட்சி. ஒரு கனவான், அவன் மனம் பறிகொடுத்த எஸ்மேரா என்கிற பெண், கடைசி அங்கத்தில் அவள் விழுந்து சாகப்போகிற கிணறு. கதை என்னவோ பழசுதான், ஆனால் காஸ்தீல் தேசத்தில் அதைப் படித்து அழாத வீடு கிடையாது. ஊருக்கு ஊர் அச்சடித்தார்கள், ஒவ்வோர் ஊர்க்காரனும் முந்தின ஊர்ப் படத்தைப் பார்த்து வெட்டிக்கொண்டான். நாற்பது வருஷத்துக்கு முன் பூர்கோஸில் வெட்டியது முதல் படம். அதைப் பார்த்து சாலமான்காவில். அதைப் பார்த்து ஸரகோசாவில். ஸரகோசாத் தாள்தான் இப்போது கட்டையில் ஒட்டியிருந்தது. எல்லாப் பாத்திரத்துக்கும் தலைக்கு மேல் பெயர் அச்சிட்டிருந்தார்கள். கிணற்றடிக்காரிக்கு மட்டும் பெயர் இல்லை. நாடகத்திலும் அவளுக்கு ஒரு வரி வசனம் கிடையாது. யாரோ வேலைக்காரி என்று நினைத்துக்கொண்டு வெட்டுகிறவர்கள் வெட்டிவிட்டுப் போனார்கள்.

பிரியாந்தா பூர்கோஸ் தாளை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். முழு முதுகு; தலைத்துணியின் முடிச்சு மட்டும். சாலமான்காவில் ஒரு வலது காது எட்டிப் பார்த்தது. அதை ஒட்டாமல், கண்ணால் பார்த்து அப்படியே மரத்தில் வெட்டிய ஸரகோசாவில், அச்சில் புரண்டு இடது காது அல்லவா தெரிய வேண்டும்? வலது காதேதான், கூடவே கன்னத்தின் ஓரமும். ஆக அந்த இரண்டு ஊர்க்காரர்களும் இப்போது இவளுமாக மூன்று தடவை அவளைப் புரட்டியிருக்கிறார்கள். அவள் புரளாமல் தன் பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறாள்.

முற்றத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. தொலேதோவில் எல்லா வீட்டையும்போல அவர்கள் வீட்டு முற்றத்திலும் ஒரு கிணறு இருந்தது. காலையிலிருந்து யாரும் இறைக்கவில்லை. போய்ப் பார்த்தபோது வாளி நனைந்திருந்தது.

மத்தியானம் பெர்னால் சாப்பிட வந்தான். தவக்காலமாதலால் உப்புக் கருவாடும் கொண்டைக்கடலையும்தான். அவன் உட்கார்ந்ததும் ஆரஞ்சுப்பூத் தண்ணீர் வாசனை வந்தது. மசியும் பசையும் மணக்கிற ஆளிடம் ஆரஞ்சுப்பூ வாசனை. பதினைந்து நாளாக அவன் தினமும் அச்சுக்கூடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தான். கட்டையின் உயரமும் அச்செழுத்தின் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டுமாம், அங்கேயே வைத்து இழைத்தால்தான் சரியாக வருமாம். போன வருஷமெல்லாம் வீட்டில் இழைத்த கட்டைகள் சரியாகத்தானே வந்தன என்று பிரியாந்தா கேட்கவில்லை. கேட்காததெல்லாம் வயிற்றில் கிடந்து எரிந்தது. அச்சுக்கூடத்தை நடத்துகிறவள் வியொலாந்தே. புருஷன் செத்து இரண்டு வருஷம். கறுப்பு உடுத்தியிருந்தாலும் சிரிப்புக்குத் துக்கம் அனுஷ்டிக்காத பொம்பளை.

"இதக் கொஞ்சம் பாரேன்" என்றாள் பிரியாந்தா. "இவ புரளவே இல்ல."

பெர்னால் ரொட்டியை மென்றபடி எட்டிப் பார்த்தான். "ஈரத்துல தாளு இழுத்திருக்கும். பசைய நீ தண்ணியா கரைச்சிருப்ப."

"இழுத்தா காது இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் போயிடுமாய்யா?"

"வேலைக்காரி காத எவன் பாக்கப்போறான். விடு. எஸ்மேரா முடிஞ்சிட்டா, அதப் பாரு."

படத்தை அவர்கள் இரண்டாக நறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காதலர்கள் இருந்த பாதி அவன் கட்டையில். மரம், மதில், கிணறு, வேலைக்காரி இருந்த பாதி இவள் கட்டையில். அச்சடிக்கும்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்து இறுக்கினால் ஒரே படமாகிவிடும். முகமெல்லாம் அவன் வேலை. முகம் இல்லாததெல்லாம் இவள் வேலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு.

அவன் தன் கட்டையைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்த விதமே அவளுக்குப் பிடிக்கவில்லை. தொட்டிலில் கிடக்கிற பிள்ளையை எடுக்கிற மாதிரி எடுத்தான். எஸ்மேரா தலையைச் சாய்த்துக் கனவானைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மோவாயில் ஒரு சின்னக் குழி.

"இது யாரு முகம்?"

"எஸ்மேரா."

"எஸ்மேராவுக்கு மோவாயில குழி எப்ப விழுந்துச்சு? தாள்ல இல்லையே. தாள்ல இருக்கறத மட்டும் வெட்டு, இல்லாதத வெட்டாதன்னு எனக்குப் பாடம் எடுத்தது யாரு?"

பெர்னால் கருவாட்டு முள்ளை நிதானமாக எடுத்து ஓரத்தில் வைத்தான். "தினம் பாக்கற முகம் கையில வந்துடுது. அதுக்கு இப்ப என்னங்கற."

"அப்ப என் முகம் ஏன் ஒருநாளும் வரல?"

"உன் முகத்த நான் எங்க பாக்கறேன்? வீட்டுக்குள்ள வந்தா அடுப்பப் பாத்துக்கிட்டு நிக்கற, இல்ல கட்டையப் பாத்துக்கிட்டு நிக்கற. எப்பப் பாரு முதுகுதான்."

சொல்லிவிட்டுத் தட்டை வழித்துச் சாப்பிட்டான். எஸ்மேராவைத் துணியில் சுற்றி மறுபடி எடுத்துக்கொண்டு போனான். பிரியாந்தா அடுப்பைப் பார்த்தபடி நின்று அழுதாள். அழும்போதுகூட முதுகைத்தான் காட்டுகிறோம் என்று தோன்றியதும் அழுகை நின்றுவிட்டது.

மறுநாள் காலை வியொலாந்தே தானே வந்து சேர்ந்தாள். மலைச்சரிவுத் தெருவில் ஏறி வந்த மூச்சிரைப்போடு, கையில் ஒரு கூடை அத்திப்பழத்தோடு.

"உன் வேலைய பாக்கணும்னு ஆசையா இருந்துச்சும்மா. பெர்னால் ஒரே உன் புகழ்தான்."

"அப்படியா. என்கிட்ட சொல்ல மறந்துட்டாரு போல."

வியொலாந்தே சிரித்தாள். மோவாய்க் குழி ஆழமாயிற்று. மேஜைக்கு வந்து கட்டையைப் பார்த்தவள், "இவ இன்னும் நிக்கறாளா இங்க?" என்றாள். "என் மாமனாரு பூர்கோஸ்காரரு. இந்த நாடகத்த மொதல்ல வெட்டுனவர அவருக்கு நல்லாத் தெரியும். அவரு பொண்டாட்டியும் உன்ன மாதிரிதான், வேலையில கெட்டி. ஆனா மகா சந்தேகக்காரி. அந்த மனுஷன் தெருவுல ஒரு நாய்க்குட்டியத் தடவிக் குடுத்தாக்கூட வீட்டுல சண்டை."

"பொறவு?"

"பொறவென்ன, இந்தப் படம் வெட்டி முடிச்ச அன்னிக்கே அப்படியே மாறிட்டாளாம். தங்கமான பொண்டாட்டி. வாய்ல சிரிப்பு, கையில சாப்பாடு. ஒரு கேள்வி கிடையாது. சாகுற வரைக்கும் அந்த மனுஷன் சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாராம், யாரு செஞ்ச புண்ணியமோன்னு." வியொலாந்தே கூடையைக் காலி செய்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அந்த வரம் எல்லா ஆம்பளைக்கும் கெடைக்குமா சொல்லு."

அவள் போன பிறகும் ஆரஞ்சுப்பூ வாசனை அறையில் நின்றது. கட்டைமேல், எண்ணெய் ஊறிய தாளுக்கடியில், வேலைக்காரியின் கன்னக் கோடு நேற்றைவிட நீளமாக இருந்தது. நேற்று அது காதோரத்தில் நின்றது. இன்று மூக்கு தொடங்க வேண்டிய இடத்துக்கு வந்து, அங்கே மசி தேய்ந்து, வெறுமையாக முடிந்தது. முகம் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது, யாராவது வந்து நிரப்பட்டும் என்று.

பிரியாந்தாவுக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்ததென்று கேட்டால் சொல்லத் தெரியாது. பொறாமை காரணம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அவன் தினம் பார்க்கிற முகத்தை அவன் கட்டையில் வெட்டினான் என்றால், அவன் பார்க்கவே பார்க்காத முகத்தை இவள் தன் கட்டையில் வெட்டுவாள். இரண்டு கட்டையும் ஒட்டித்தானே நிற்கப்போகின்றன. எஸ்மேரா சிரிக்கட்டும், கனவான் உருகட்டும்; நாலு அங்குலம் தள்ளிக் கிணற்றடியில் பெண்டாட்டி முழுசாகத் திரும்பி நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்நூறு புத்தகத்திலும் பார்ப்பாள். செவில்லாவில் எவனோ ஒருவன் பக்கத்தைப் புரட்டி, இவள் யாரப்பா, இப்படிப் பார்க்கிறாள் என்று கேட்பான். வியொலாந்தேவுக்கும் புரியும். பெர்னால் அந்த ஒரு நாளாவது தன் பெண்டாட்டி முகத்தை உற்றுப் பார்த்தாக வேண்டும்.

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவன் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம், தெரு முழுக்கத் தூங்குகிற நேரம், வெயில் முற்றத்துச் சுவரில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. பெர்னால் அச்சுக்கூடத்தில் இருந்தான். மேஜையில் எப்போதும் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும், கட்டையில் வெட்டிய முகம் அச்சில் எப்படி விழும் என்று பார்ப்பதற்கு. பிரியாந்தா அதை ஜன்னலில் சாய்த்துவைத்துத் தன் முகத்தைப் பார்த்தாள். இடது கன்னத்தில் மச்சம். நெற்றியில் போன வருஷம் வந்த கோடு. கண்ணாடியில் பார்த்து அப்படியே வெட்டினால், அச்சில் புரண்டு, ஊரார் அவளைப் பார்க்கிற மாதிரியே விழும். அவளே ஒருநாளும் பார்த்திராத, பெர்னால் பார்த்திருக்க வேண்டிய முகம்.

கத்தி பேரிமரத்தில் வெண்ணெயில் போவதுபோல் போயிற்று. அது ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் இது கெட்டியான பழைய மரம், காலையில் மதிலை வெட்டும்போது மணிக்கட்டு வலித்தது. இப்போது மரமே விலகிக் கொடுத்தது. மூக்கின் ஓரத்தை எடுத்தாள், உதட்டின் கீழ்க் கோட்டை எடுத்தாள், எண்ணெய் வாசனையோடு இன்னொரு வாசனையும் கலந்து வந்தது, வெகுநாள் காயாத துணியின் வாசனை, பாசியும் ஈரச் சுண்ணாம்பும் சேர்ந்த கிணற்று வாசனை, அது அவளுக்கு முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்து வருகிறதா என்று தெரியவில்லை. முற்றத்தில் கிணற்றுக் கயிறு ஒருதரம் முனகியது. காற்று இல்லை. தலையைத் திருப்பிப் பார்க்க நினைத்தாள். கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. குனிந்தே உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் ஆகும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

மச்சத்தை வெட்டினாள்.

கண்ணாடியில் தனக்குப் பின்னால் வாசல் தெரிந்தது, வாசலுக்கு அப்பால் முற்றம், முற்றத்தில் கிணறு. கிணற்றடியில் நிழல். நடுப்பகலில் நிழல் காலடியில் சுருண்டு கிடக்க வேண்டும். இது நின்றுகொண்டிருந்தது.

வலது கண்.

கயிறு மறுபடி முனகியது. வெறுங்கால் ஈரத்தில் ஒட்டி எடுக்கிற சத்தம். ஒன்று. இன்னொன்று. கையை நிறுத்தலாம். நிறுத்தினால் ஒற்றைக் கண்ணோடு நிற்பாள். ஒற்றைக் கண்ணோடு எப்படிப் பார்ப்பாள். பெர்னாலை எப்படிப் பார்ப்பாள்.

இடது கண்.

முடிந்தது.

சத்தமும் நின்றது. வெயில் வெயிலாகவே அடித்தது. பிரியாந்தா சின்னப் பெண்ணாட்டம் பயந்ததற்குத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். மசிப் பந்தைக் கட்டையில் ஒற்றி, ஈரத்தாளை விரித்து, மரக் கரண்டியின் முதுகால் தேய்த்து, ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக உரித்தாள். மரம் வந்தது. மதில் வந்தது. கிணறு வந்தது. கிணற்றடியில் பிரியாந்தா முழுசாகத் திரும்பி நின்றாள். மச்சம் சரியான பக்கத்தில் இருந்தது. நல்ல வேலை, பெர்னாலே இவ்வளவு நன்றாக வெட்டியதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் அவள் வெட்டாதது. பொருமலோடு இறுகிய வாயைத்தான் அவள் கண்ணாடியில் பார்த்து வெட்டினாள். தாளில் இருந்தவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தாளைக் கொடியில் மாட்டினாள். கையெல்லாம் மசி. கழுவலாம் என்று முற்றத்துக்குப் போனாள். கிணற்றுத் திட்டில் கையை ஊன்றிக் குனிந்தபோது உள்ளே தண்ணீரில் வானம் தெரிந்தது, ஒரு வட்டத் துண்டு. வானம் மட்டும். குனிந்தவளின் தலை தெரிய வேண்டிய இடத்திலும் வானம்தான்.

நிமிரலாம் என்று பார்த்தாள். கால் இருந்தது, நகரவில்லை. கை திட்டிலேயே இருந்தது. சுவர் வெள்ளையாக இருந்தது, ஆனால் அதில் வெயில் இல்லை. கிணற்றில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கறுப்புக் கோடு ஓடியது, ஒரே கனத்தில், காலையில் அவளே வெட்டிய கோடு.

மாலை மணி அடித்தது. தெருக் கதவு திறந்தது. அவன் காலடி.

பெர்னால், என்று கூப்பிட்டாள். வாய் திறந்ததா என்று தெரியவில்லை. அவளுக்கு வசனம் இல்லை.

உள்ளே ஒரு பெண் சிரித்தாள். பிரியாந்தாவுக்கு உடம்பெல்லாம் தீப்பற்றியது. வந்துவிட்டாள், வீட்டுக்கே வந்துவிட்டாள், என் அடுப்படிக்கே. வியொலாந்தேயின் சிரிப்பைத் தேடிக் காதைக் கூர்மையாக்கினாள். அது வியொலாந்தே சிரிப்பு இல்லை. தெரிந்த சிரிப்பு. ரொம்பத் தெரிந்த சிரிப்பு. கல்யாணமான புதிதில் அவளே சிரித்த சிரிப்பு.

"வாய்யா. உக்காரு. சூடா இருக்கு."

அவள் குரல்.

"என்னடி இது அதிசயம், வாசலப் பாத்துக்கிட்டே நிக்கற" என்றான் பெர்னால். வருஷக்கணக்கில் அவனிடம் கேட்காத குழைவு. "நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அந்தக் குழிய செதுக்கி எடுத்துடறேன். நாளையிலேருந்து வீட்டுலயே இழைக்கறேன்."

"அதெல்லாம் எதுக்கு. நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும். மொதல்ல சாப்பிடு."

நாற்காலி இழுபட்டது. ரொட்டி பிய்த்தார்கள். அவன் சிரித்தான். அவள் என்னவோ சொன்னாள், மறுபடி சிரித்தான், மூச்சு முட்டச் சிரித்தான். பதினோரு வருஷத்தில் பிரியாந்தா இதற்காகத்தான் ஏங்கினாள். இதற்காகத்தான்.

"தாளு போட்டுப் பாத்துட்டியா" என்றான் அவன். கொடியிலிருந்து தாள் உருவுகிற சத்தம். "அடடே. மதில் நல்லா வந்திருக்கு. வேலைக்காரியும் இப்ப ஒழுங்கா நிக்கறா பாரு, முழு முதுகு. ஒரு காதுகூடத் தெரியல."

"தாள்ல இருக்கறத மட்டும்தானே வெட்டணும்" என்றது அவள் குரல்.

அவன் முற்றத்து வாசலுக்கு வந்தான். காலடி அங்கே நின்றது. அவன் பார்வை முதுகில் படுவதை அவளால் உணர முடிந்தது. உலகத்தில் இருக்கிற ஒரே ஆளைப் பார்க்கிற மாதிரி உற்றுப் பார்த்தான்.

"கிணத்துக்கிட்ட யாரு நிக்கறா?"

ஈரமான வெறுங்கால் சத்தம் அவன் பக்கத்தில் வந்து நின்றது.

"யாரும் இல்லையே. நிழலு. உள்ள வாய்யா, ஆறிடும்."

கதவு சாத்திக்கொண்டது.

பிரியாந்தா கழுத்தில் இருந்த பலம், தோளில் இருந்த பலம், வயிற்றில் எரிந்துகொண்டிருந்த அத்தனையையும் ஒன்றாகக் கூட்டித் திரும்பினாள்.

கழுத்து ஒரு மயிரிழை திரும்பியது.